முள்ளுக்கும் ஒரு முழம் இடம்

போன ஆவணியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு வாசல் மணி அடித்தது. எதிர் வீட்டு மாமி. "மொட்டு விரிஞ்சுண்டிருக்கு, சீக்கிரம் மாடிக்கு வாங்கோ. ஆத்துல எல்லாரையும் எழுப்புங்கோ" என்றார்.

நந்தனம் என்றால் தோட்டம் என்று அர்த்தம். இப்போது இங்கே அண்ணா சாலை நெரிசலும் மெட்ரோ நிலையமும் அடுக்குமாடிகளும்தான். தோட்டமெல்லாம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒரு பழைய வாளியில் நட்ட செடிக்கு முன்னால் சின்னதாய்க் கோலம், ஊதுபத்தி, விளக்கு. இலை மாதிரித் தட்டையாக இருக்கும் தண்டின் ஓரத்திலிருந்து இரண்டு வெள்ளைப் பூக்கள், கை அகலத்துக்கு விரிந்து தொங்கின. மாடி முழுக்க வாசனை. "பிரம்ம கமலம். ஒரே ராத்திரிதான். மனசுல எதையாவது நெனச்சுக்கோங்கோ, நடக்கும்" என்றார் மாமி.

நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாமி, இது கள்ளி வகை. மெக்சிகோ பக்கத்துச் செடி. கேரளாவுல நிசாகந்தின்னு சொல்வாங்க. அசல் பிரம்ம கமலம் இமயமலையில பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல இருக்கு. அது முள்பூண்டு ஜாதி" என்று சொல்லிவிட்டேன். மாமியின் முகம் சுருங்கிவிட்டது. என் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

அடுத்த வாரம் மாமியே வந்தார். "அப்போ அந்த அசலை எனக்கு வாங்கித் தாங்கோ. நீங்கதான் விவசாயம் பண்றேளே." அவர் பையன் செல்போனில் தேடி எடுத்து வைத்திருந்தான். அசல் இமயமலை பிரம்ம கமல விதை, பாக்கெட்டில். விளம்பரத்தில் போட்டிருந்த படம் என்னவோ அதே மாடிக் கள்ளிப் பூதான்.

மாமிக்கு நான் அன்று முழுப் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அது அவர் மாடியோடு நிற்காது, நம் வயல் வரப்புக்கும் வந்து சேரும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த முள்பூண்டு விஷயம். ஆங்கிலத்தில் திசில் என்கிற செடிக்கூட்டத்துக்குத் தமிழில் ஒரே பெயர் கிடையாது. சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரு கிளை அது. இலை ஓரமெல்லாம் முள், பூவுக்கு அடியில் செதில் செதிலாகக் கிண்ணம் மாதிரி ஓர் அமைப்பு, ஊதாவோ மஞ்சளோ நார் நாராய்ப் பூ. இந்தக் கிளையில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பயிர் உண்டு: குசும்பா. எண்ணெய்க்கும் சாயத்துக்கும் கர்நாடகம், மகாராஷ்டிரா கரிசல் நிலங்களில் பயிரிடுவது. அங்கே மானாவாரியில் நடுவே கடலையோ கோதுமையோ போட்டுவிட்டு ஓரத்தில் நாலு வரிசை குசும்பாவை விதைத்துவிடுவார்கள். முற்றின குசும்பாவுக்குள் மாடு மூக்கை நுழைக்காது. கம்பி வேலி செலவு மிச்சம். அறுக்கும்போது கையில் துணி சுற்றிக்கொண்டு அறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அசல் பிரம்ம கமலமும் இந்தக் கிளைதான். சசூரியா என்கிற இனம். உத்தரகண்ட் மாநிலத்தின் மாநில மலர். தாமரையும் இல்லை, கள்ளியும் இல்லை. மெல்லிய காகிதம் போன்ற வெளிர்மஞ்சள் இலைகள் கூடாரம் மாதிரி மூடியிருக்க, உள்ளே கருஊதா நிறத்தில் பூக்கள் குளிருக்குப் பதுங்கி உட்கார்ந்திருக்கும். அந்தக் கூடாரம்தான் அதற்குக் கம்பளி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பூக்கும். பத்ரிநாத்திலும் கேதார்நாத்திலும் சாமிக்குச் சாத்துகிறார்கள். அதை நந்தனத்து வெயிலில் வைத்தால் ஒரு வாரம் தாங்காது. நம் ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான். தொட்டபெட்டா உச்சியில் நட்டாலும் அதன் ஊருக்கு இன்னும் மூவாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும்.

இதே சசூரியாவில் இன்னொருவர் இருக்கிறார். அவரை நாம் எல்லோருமே ஏதாவது ஒரு சூரணத்தில் தின்றிருப்போம். கோட்டம். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் பழுப்பாக, வாசனையாக ஒரு வேர்த்துண்டு தருவார்களே, அது. காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் எட்டாயிரம் அடிக்கு மேல் விளைகிற செடி. ஆள் உயரம் போகும். நம் பழைய இலக்கியங்களுக்கு உரை எழுதியவர்கள் ஐந்து வகை விரைகள் என்று சொல்லும்போது துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவற்றோடு இதையும் சேர்க்கிறார்கள். எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கப்பல் குறிப்பில், சிந்து முகத்துவாரத்திலிருந்தும் பரூச் துறைமுகத்திலிருந்தும் ஏற்றுமதியான சரக்குகளில் இது வருகிறது. காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க இந்த வேரைப் போட்டுத்தான் கட்டி அனுப்பினார்கள். சீனர்கள் ஊதுபத்திக்கும் மருந்துக்கும் வாங்கினார்கள்.

வேருக்காகத் தோண்டும் செடிக்கு ஒரு சாபம் உண்டு. இலையைக் கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் கதை முடிந்தது. அதுவும் விதை கொட்டுவதற்கு முன்னால் தோண்டிவிட்டால் அடுத்த தலைமுறையும் சேர்ந்து போகும். காஷ்மீரில் மன்னர் காலத்திலேயே கோட்டத்துக்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு தோண்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் 1985 முதல் இது மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 1991-இல் திருத்தியபோது, முதன்முறையாகச் செடிகளுக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். அப்போது பட்டியலில் மொத்தமே ஆறு பெயர்கள். அதில் கோட்டம் ஒன்று.

இங்கேதான் உழவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. அந்த அத்தியாயம் காட்டிலிருந்து பிடுங்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. உரிமம் இல்லாமல் பயிரிடவும் கூடாது, விற்கவும் கூடாது என்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் உரிமம் தர வேண்டும். பழங்குடி மக்கள் தங்கள் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்கு எடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. 2022-இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். ஆறு என்று இருந்தது பத்தொன்பது ஆனது. அதில் நம் நீலக்குறிஞ்சியும் இருக்கிறது. 2018-இல் குறிஞ்சி பூத்தபோது மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் போய்விட்டு, காரில் செடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்களை எனக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற செடியை, பன்னிரண்டு நாள்கூட உயிரோடு வைத்துக்கொள்ள முடியாத பால்கனிக்கு! இனி அது சட்டப்படியும் குற்றம்.

சரி, காட்டில் அழிகிறது என்றால் நாம் தோட்டத்தில் வளர்த்துக் காப்பாற்றலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் "கோஷ்டம், மூலிகை" என்று அட்டை கட்டியிருந்த கன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். சட்டம் கிட்டம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நந்தனத்து மாடியில் வைத்தேன். ஜம்மென்று வளர்ந்தது. படிக்கட்டு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் தண்டு, சிவப்புக் குலையிலிருந்து வெள்ளைப் பூ. இமயமலைச் செடி இப்படி சென்னைப் புழுக்கத்தில் கூத்தாடுகிறதே என்று யோசித்திருக்க வேண்டும். சித்த மருத்துவ நண்பர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இது இஞ்சிக்குச் சொந்தக்காரன். பேர் மட்டும்தான் கோஷ்டம். நீங்க நெனக்கிற வேர் இது இல்ல."

குஷ்டம் என்ற வடமொழிப் பெயர் கிரேக்கத்துக்குப் போய்க் காஸ்டஸ் ஆகி, பின்னால் தாவரவியலில் சம்பந்தமே இல்லாத இந்த இஞ்சிக் கூட்டத்துச் செடிக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நம் ஊர்களில் கோஷ்டம் என்று நடுவது பெரும்பாலும் இதுதான். பல பேர் வீட்டில் "இன்சுலின் செடி" என்று வளர்ப்பதும் இதன் தங்கச்சி முறை. நர்சரிக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மருந்துக்கு என்று நம்பி வேரை எடுத்துக் கஷாயம் போட்டிருந்தால்? பெயரை நம்பிச் செடி வளர்ப்பவர்கள் ஒரு தரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வளர்த்தால் காடு தப்பிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இமாசலப் பிரதேசத்தில் லாஹவுல் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே உழவர்கள் 1920-களிலேயே கோட்டம் பயிரிட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் வேரெடுப்பு. நல்ல காசு பார்த்த காலமும் உண்டு. பிறகு உருளைக்கிழங்கும் பட்டாணியும் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சீனாவில் யுன்னான் மாநிலத்தில் அவர்களே பயிரிட்டுக்கொள்கிறார்கள். ஆக, வயலில் விளைகிற கோட்டம் இருக்கிறது. ஆனாலும் காட்டுக் கோட்டம் இன்றைக்கும் அழிவின் விளிம்பில் உள்ளது என்ற பட்டியலில்தான் இருக்கிறது. பயிர் வந்தால் காட்டைத் தொட மாட்டார்கள் என்பது தானாக நடக்கிற விஷயம் இல்லை. மூன்று வருஷம் நிலத்தைக் கட்டிப்போட்டு விளைவிப்பவனின் அடக்க விலையோடு, மண்வெட்டியோடு மலையேறிப் போய்த் தோண்டுபவன் போட்டி போடுகிறான். யார் மலிவாகத் தருவான்?

நம் பக்கத்தில் இதற்கு நேர் உதாரணம் கண்வலிக்கிழங்கு. மாநில மலர் செங்காந்தள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றி விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதை கொல்சிசின் எடுக்க ஏற்றுமதியாகிறது. இது தொடங்கிய காலத்தில் விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? வேலியிலிருந்தும் காட்டிலிருந்தும்தான். பந்தலில் பூத்துக் குலுங்குகிறது, ஆனால் மகரந்தச் சேர்க்கைக்குக் காலையில் ஆள் விட்டுக் கையால் தொட்டு வைக்கிறார்கள். மருந்தடித்து மருந்தடித்து ஈயும் பூச்சியும் வந்தாலும் நிற்காது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கள்ளி வேலியில் கார்த்திகை மாசம் காந்தள் தானாகப் படர்ந்து எரியும். இப்போது கள்ளி வேலியே இல்லை.

இதற்காகத் தோட்டத்தில் வளர்ப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. வளர்ப்பவனைத் திருடனைப் போல நடத்துகிற சட்டத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தனம் சாட்சி. நம் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனக் கன்றை வளரவிடாமல் பிடுங்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்! மரம் அரசாங்கத்துடையது, காவல் மட்டும் நம்முடையது, காணாமல் போனால் பதிலும் நாம்தான் சொல்ல வேண்டும் என்றால் யார் வளர்ப்பார்கள்? 2002-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி மரம் நிலத்துக்காரருக்கே என்றார்கள். அதற்குப் பிறகுதான் கன்று வாங்கி நடுகிற துணிச்சல் வந்தது. இன்றும் வெட்டி விற்க வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும், அது வேறு தலைவலி.

உரிமம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்காமல் விட்டால், மலையில் தோண்டியதை எல்லாம் "என் வயலில் விளைந்தது" என்று கொண்டுவந்து விற்பார்கள். வேரைப் பார்த்து எது காடு, எது வயல் என்று சொல்வது கஷ்டம். என் கருத்து இதுதான்: விற்பதற்கு உரிமம் இருக்கட்டும், வளர்ப்பதற்குப் பதிவு போதும். விதை எங்கே வாங்கினேன், எத்தனை சென்ட்டில் போட்டேன் என்று உள்ளூரில் எழுதி வைத்தால் போதும் என்றாக வேண்டும். தலைநகரத்துக் காப்பாளர் கையெழுத்துக்கு ஒரு மலைக்கிராமத்து உழவர் அலைய முடியாது.

உள்ளூரில் எழுதி வைக்க இடம் இருக்கிறதா என்றால், தாளில் இருக்கிறது. 2002-ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றை அந்தக் குழு எழுத வேண்டும். இதற்கெல்லாம் மேலே இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, நந்தனத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்ச் சேருகிற தரமணியில்தான் இருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் எங்கள் ஊரில் கேட்டேன். பதிவேடு பீரோவில் இருக்கிறது என்றார்கள். எடுத்துக் காட்டச் சொன்னேன். மா, வேம்பு, தென்னை, புளி என்று பள்ளிக்கூடப் பையன் கட்டுரை மாதிரி ஒரு பட்டியல். முள்செடி ஒன்றுகூட இல்லை.

முள்செடியை ஏன் தேடினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் வெட்கமான கதை.

வார நாட்களில் நந்தனம், சனி ஞாயிறு மதுராந்தகம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர், இதுதான் என் ஓட்டம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நிலத்தைக் கையில் எடுத்தபோது ரசாயனம் இல்லை, பூச்சிமருந்து இல்லை என்று சபதமெல்லாம் செய்தேன். 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை இரண்டு தரம் படித்திருந்தேன். ஆனால் கண் மட்டும் பழைய கண். வரப்பு சுத்தமாக, வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும். வாய்க்காலோரம் முழுக்க நீர்முள்ளி மண்டிக் கிடந்தது. கணுவுக்கு ஆறு முள், நீட்ட நீட்டமாக, மஞ்சளாக. நடுவே ஊதாப் பூ. காலை வைக்க முடியாது. ஜேசிபி வரவழைத்தேன்.

அன்றைக்கு நடவுக்கு வந்திருந்த ஒரு பாட்டி வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "அத்த ஏம்பா தோண்டற? அது பாட்டுக்கு ஓரமாத்தான கெடக்குது. கால் வீங்குனா எங்க போவ நீ?" என்றார். "நடக்க முடியல ஆயா" என்றேன். "செருப்பு போட்டுக்கினு நட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணி நேரத்தில் வாய்க்கால் பளபளவென்று ஆகிவிட்டது.

நாலு வருஷம் கழித்து என் அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கியது. ஆங்கில மருத்துவமும் பார்த்தோம், கூடவே சித்த மருத்துவரிடமும் காட்டினோம். அவர் எழுதிக் கொடுத்ததில் முதல் பெயர் நீர்முள்ளிக் குடிநீர். சமூலமாக, நாட்டுச் செடியாகக் கிடைத்தால் நல்லது என்றார். வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். கோரையும் ஆகாயத்தாமரையும்தான். பாரிமுனையில் ஒரு கடையில் காய்ந்த கட்டு வாங்கினேன். பாதி மண், பாதி வேறு ஏதோ தழை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு "வெளியூர் சரக்கு சார்" என்றார்கள். அம்மாவுக்குக் குடிக்கக் கொடுக்கும்போது ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டியின் குரல் கேட்டது. அம்மா அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். செடி இருந்திருந்தால் கூட இரண்டு வருஷம் இருந்திருப்பார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. என் வாய்க்காலில் இருந்ததை நானே கொட்டிவிட்டு, எவனோ எங்கோ கொட்டியதைக் காசு கொடுத்து வாங்கினேன் என்பது மட்டும் தெரியும்.

நீர்முள்ளி எந்தச் சட்டப் பட்டியலிலும் இல்லை. தாவரவியல்படி திசில் கூட்டமும் இல்லை, வேறு குடும்பம். ஆனால் நம் சமவெளியில் அந்த வேலையை, அதாவது முள்ளால் காத்துக்கொண்டு தேனீக்கும் மருந்துக்கும் பயன்படுகிற வேலையைச் செய்கிற செடிகள் இவைதான். நீர்முள்ளி, கண்டங்கத்திரி, தூதுவளை, நெருஞ்சி. அடையாறு கழிமுகத்துப் பக்கம் போனால் கழிமுள்ளி. இமயமலை முள்ளுக்கு விதை தேடுகிற நாம் இவற்றை ஜேசிபியால் வாருகிறோம்.

எல்லா முள்ளையும் கும்பிடச் சொல்லவில்லை. பிரமதண்டு என்று மஞ்சள் பூப் பூக்கிற ஒன்று ரோட்டோரமெல்லாம் நிற்கிறதே, பார்க்கத் திசில் மாதிரியே இருக்கும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன் விதை எண்ணெய் கடுகு எண்ணெயில் கலந்து 1998-இல் தில்லியில் எத்தனையோ பேருக்கு உடல் வீங்கி, உயிர் போனது. வீக்கத்தை வாங்குகிற முள்ளும் உண்டு, கொடுக்கிற முள்ளும் உண்டு. பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

பிடிக்காத முள்ளை ஒழிக்கப் பூச்சியை விட்டால் என்ன என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேச்சு வரும். இயற்கை முறைதானே என்பார்கள். வட அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியெல்லாம் பரவிய திசிலை அடக்க, 1960-களின் இறுதியில் அதன் பூவைத் தின்னும் ஒரு கூன்வண்டை ஐரோப்பாவிலிருந்தே கொண்டுவந்து விட்டார்கள். வண்டு சொன்ன வேலையைச் செய்தது. பிறகு அந்த மண்ணுக்கே உரிய, யாருக்கும் தொந்தரவு தராத திசில்களின் பூவிலும் போய் உட்கார்ந்தது. அவற்றில் சில ஏற்கெனவே அரிதானவை. வண்டைத் திரும்ப அழைக்க முடியுமா? நம் நாட்டிலும் பார்த்தீனியத்துக்காக மெக்சிகோ வண்டை 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். சில வருஷம் கழித்து அது சூரியகாந்தியைக் கடிக்கிறது என்று பெரிய சர்ச்சையானது. பார்த்தீனியமும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம். மருந்தடிக்கவில்லை என்பதால் மட்டும் ஒரு வேலை பத்திரமானது ஆகிவிடாது.

இப்போது மாமி கேட்டதற்கு என் பதில். அசல் பிரம்ம கமலத்தை வாங்கித் தர மாட்டேன். அந்த விதைப் பாக்கெட் பொய்யாக இருந்தால் காசு வீண். உண்மையாக இருந்தால் எங்கோ ஒரு மலையில் யாரோ பூவோடு பறித்தது, அது இன்னும் மோசம். நம் இதழ் வாசகர்களும் இமயமலை மூலிகை, குறிஞ்சிக் கன்று, காட்டு ஆர்க்கிட் என்று யாராவது நீட்டினால் முதலில் "தாய்ச்செடி எங்கே?" என்று கேளுங்கள். நர்சரியில் பெருக்கியது என்றால் அவரால் காட்ட முடியும். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

நம் இயக்கத்திடமும் ஒரு விண்ணப்பம். நெல் ரகங்களுக்கு விதைத் திருவிழா நடத்துகிறோம், நல்ல விஷயம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் பூங்காருக்கும் இருக்கிற மரியாதையை வரப்போர முள்ளுக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். கிராமசபையில் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வயதான அம்மாக்களைக் கூட உட்கார வைத்துக்கொண்டு முள்செடிப் பக்கத்தை எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பாட்டிக்கு அரை மணி நேரத்தில் பதினாலு பெயர் வந்தது. நாலு எனக்கு என்னவென்றே தெரியவில்லை, அடுத்த மழைக்குப் பிறகு காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமியிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். "ஒங்க பூ எந்த ஊர்னா என்ன மாமி, கோலம் போட்டது நீங்கதானே" என்றேன். கொஞ்சம் சமாதானமானார். இலைத்தண்டு ஒன்றை ஒடித்து எங்கள் தொட்டியிலும் நட்டுக் கொடுத்திருக்கிறார், பிடித்துக்கொண்டது. பதிலுக்கு நான் ஒரு தொட்டியில் கண்டங்கத்திரி வைத்துக் கொடுத்தேன். "இதென்ன, இலைமேலயும் முள்ளு!" என்று தூக்கி ஓரமாக வைத்தார். நேற்றுப் பார்த்தேன், ஊதாப் பூ வந்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கோலம்.

எங்கள் வாய்க்காலில் ஒரு இருபதடி நீளத்தை இப்போது யாரும் தொடுவதில்லை. அந்தப் பாட்டி பக்கத்து ஊர்க் குட்டையிலிருந்து நீர்முள்ளி விதை கொண்டுவந்து தூவியதுதான், இரண்டு மழைக்காலத்தில் நிரம்பிவிட்டது. ஒரு டப்பா விதை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், வேண்டுமென்பவர்கள் ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து வாருங்கள். ஈரக் கையால் மட்டும் தொடாதீர்கள், தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஊறி விரலிலேயே ஒட்டிக்கொள்ளும்.